டிக்கி சீட்டு மாப்பிள்ளை

பழைய கார்களைச் சேகரிக்கிறவர்களிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. சமீபத்தில் ஒரு விருந்தில் அப்படி ஒருவர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டார். பிரெஞ்சுக் கார்களில் எது உசத்தி, முப்பதுகளில் வந்த ‘திராக்ஸியோன்’ வண்டியா, ஐம்பதுகளில் வந்த ‘டி.எஸ்.’ வண்டியா என்று ரசம் ஆறி அவலமாகிற வரைக்கும் பேசினார். இரண்டும் ஒரே கம்பெனி வயிற்றில் பிறந்தவை, இரண்டையும் இன்றைக்கு உலகம் முழுக்கத் தேடித் தேடி வாங்குகிறார்களாம். பேசி முடித்துவிட்டு, “உங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போறது மாமி” என்றார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கா தெரியாது? அறுபதுகளில் அந்த இரண்டு வண்டிகளும் பம்பாய் மாட்டுங்காவில் என் கல்யாணத்தில்தான் மோதிக்கொண்டன. எந்த வண்டி எத்தனை வேகம் போகும், எதற்கு எத்தனை குதிரைச் சக்தி என்பதெல்லாம் அவரே வைத்துக்கொள்ளட்டும். கார்களை எடைபோட என்னிடம் இருக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று. ஜானவாசத்துக்கு எது லாயக்கு?

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் மாட்டி, கழுத்தில் மாலை போட்டு, திறந்த காரில் உயரமாக உட்காரவைத்து, நாதஸ்வரமும் காஸ்லைட்டும் முன்னே போக ஊர்வலமாக அழைத்துவருவதுதான் ஜானவாசம். ஊரே வாசலில் நின்று பார்க்கும். மூக்கு சரியில்லை, தலையில் சொட்டை, நடந்தால் காலை இழுப்பான் போலிருக்கிறது என்று கடைசி நேரத்தில் குறை சொல்வதற்காகவே ஏற்பட்ட நல்ல வழக்கம். பம்பாயில் திறந்த காருக்கு எங்கே போவது? எங்கள் அப்பாவிடம் போவார்கள்.

அப்பா பம்பாய் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அவருடைய பிரெஞ்சுக்காரத் துரை ஊரைவிட்டுப் போகும்போது, யாருமே சீந்தாத தன் பழைய கறுப்புத் திராக்ஸியோன் வண்டியை அப்பா தலையில் கட்டிவிட்டுக் கப்பல் ஏறினார். அந்தக் கார் கம்பெனிக்கு அடையாளமாக வண்டியின் மூஞ்சியில் கவிழ்த்துப்போட்ட இரண்டு நாமம் இருக்கும். வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்றைக்கு அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வண்டிக்கே ரெட்டை நாமம் போட்டிருக்கான். உங்களுக்குப் போடாம விடுவானா?”

நாமமோ என்னவோ, அது ஓடிற்று. தன் இஷ்டத்துக்கு ஓடிற்று. காலையில் மூக்கில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கண் திறக்கும். கதவு பின்பக்கக் கீலில் மாட்டியிருந்ததால் வழக்கத்துக்கு விரோதமாகத் திறக்கும். புதிதாக ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை அதில் இடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். கியர் கம்பி காலடியில் இல்லாமல் எதிரே பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் போட அப்பா குடையை இழுத்து மடக்குகிற மாதிரி ஒரு இழுப்பு இழுப்பார். ஸ்டியரிங்கைத் திருப்புவது உளுந்து அரைப்பதற்குச் சமம். ஆனால் அதற்கு ஒரு கம்பீரம் இருந்தது. முன்சீட்டில் இரண்டு பேர். பின்னால், சாமான் வைக்கிற இடத்தின் மூடியைத் திறந்தால் அதற்குள்ளிருந்து சிவப்புத் தோல் வைத்த ஒரு சீட்டு சிம்மாசனமாக எழும்பும். டிக்கி சீட்டு. துரை அதில் நாயை உட்காரவைத்துக் கொண்டுபோவாராம். நாங்கள் மாப்பிள்ளைகளை உட்காரவைத்தோம்.

ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தார், ஊர் மோப்பம் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் முகூர்த்த நாள் வந்தால் அப்பாவை வீட்டில் பார்க்க முடியாது. யாரையும் ஓட்ட விடமாட்டார், தானே ஓட்டுவார். தம்பிடி வாங்கமாட்டார். மாட்டுங்காவில் எந்தத் தெருவில் அந்தக் கறுப்பு வண்டி மேளத்தோடு திரும்பினாலும், பெண்டுகள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். டிக்கி சீட்டில் இருப்பவன் மாப்பிள்ளை. அவன் யார், யார் வீட்டுக்கு வருகிறான் என்பதெல்லாம் பிறகுதான்.

அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை அவர் மறைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் டிக்கி சீட்டுத் தோலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சொல்லுவார். “ஊரார் மாப்பிள்ளைக்கெல்லாம் சாரதியா இருந்தாச்சு. நம்ம குழந்தைக்கு வரவன் இதுல வரணும். நான் ஓட்டிண்டு வரணும். அது போதும்டி எனக்கு.” குழந்தை என்பது நான்தான். ஒரே பெண். அப்போது நான் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட், வாயாடி என்று பெயர் வேறு.

எனக்கு வரன் செம்பூரிலிருந்து வந்தது. பையனுக்கு டிராம்பேயில் அணுசக்தி வேலை, காலையில் ஸ்டாஃப் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவான், என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பான். பெண் பார்க்க வந்தபோது முழுசாக நாலு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. குறை ஒன்றும் இல்லை, சரி என்று சொல்லிவைத்தேன். அவனுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவனுடைய தாய்மாமன் இருந்தார். பிரான்ஸில் சில வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு காரையும் கப்பலில் கொண்டுவந்தவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பிரான்ஸ் மாமா.

நிச்சயதார்த்தத்துக்கு அவர் அந்த டி.எஸ்.ஸில் வந்து இறங்கினார். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் பால்கனியில் தொங்கினார்கள். அது காரா, கடலிலிருந்து கரையேறிய மீனா என்று புரியவில்லை. முன்பக்கம் சுறா மாதிரி கூர், பின்சக்கரம் பாதி தகட்டுக்குள்ளே மறைவு. உள்ளே நிச்சயதாம்பூலம் மாற்றிக்கொண்டிருக்கையில் வாசலில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால், நிறுத்தி வைத்திருந்த அந்த வண்டி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி படுத்துக்கொண்டிருக்கிறது!

“அய்யய்யோ, நாலு சக்கரமும் பஞ்சர்!” என்று அம்மா வாயில் கை வைத்தாள்.

பிரான்ஸ் மாமாவுக்கு அதுதானே வேண்டும்? டிரைவரை விட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார். முதலில் பின்பக்கம் எழுந்தது, அப்புறம் முன்பக்கம் எழுந்தது. தொழுவத்தில் பசு எழுந்திருக்கும் பாருங்கள், அச்சு அசலாக அப்படி. கூடியிருந்த மாமிகளில் ஒருத்தி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“பிரெஞ்சுல ‘தேயெஸ்’னா தேவின்னு அர்த்தம்” என்றார் மாமா. “இதுக்குள்ள ஸ்பிரிங்கே கிடையாது சார், எல்லாம் எண்ணெயும் காத்தும்தான்.”

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொறாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். கிளி ஜோசியக்காரன் இன்னொரு கிளியைப் பார்க்கிற பார்வை அது. பக்கத்தில் தன் கறுப்பு வண்டியையும் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு மனிதர்களும் கல்யாணப் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு நடுத்தெருவில் நின்று ஒப்பிட ஆரம்பித்தார்கள்.

இரண்டிலும் முன்சக்கரம்தான் இழுக்கும். அதில் அப்பாவுக்குப் பரம சந்தோஷம். “பாத்தேளா, அக்காவும் தங்கையும்தான்!” என்றார். ஆனால் அக்காவின் ஸ்டியரிங்குக்கு மூன்று கம்பி, ஆட்டுக்கல் கனம். தங்கைக்கு ஒரே கம்பி, சுண்டுவிரலால் திருப்பலாம். அக்காவுக்கு பிரேக் போட எழுந்து நின்று மிதிக்க வேண்டும். தங்கைக்கு பெடலே இல்லை, தரையில் காளான் மாதிரி ஒரு பொத்தான். அப்பா ஆசைப்பட்டு ஓட்டிப்பார்த்தபோது பழக்கதோஷத்தில் அந்தக் காளானை ஒரு மிதி மிதித்தார். பின்சீட்டிலிருந்த என் வருங்கால மாமியார் முன்சீட்டுக்கு வந்துவிட்டாள்.

சம்பந்தம் சுமுகமாக ஆரம்பிக்கவில்லை என்பது இதிலிருந்து தெரியும். கலைந்த கொண்டையைச் சரிசெய்துகொண்டு அவள் கேட்டாள்: “ஜானவாசத்துக்கு எந்தக் கார்?”

அப்பா முகமெல்லாம் பல்லாக டிக்கி சீட்டைத் திறந்து காட்டினார்.

“டிக்கியிலயா?” என்றாள் மாமியார். “எங்காத்துப் பிள்ளையைச் சாமான் மாதிரி டிக்கியில போட்டு எடுத்துண்டு வரப்போறேளா?”

“இல்லே மாமி, இது சிம்மாசனம் மாதிரி…” என்று அப்பா இழுத்தார்.

“துரை நாயை உக்கார வெப்பார்னு நீங்கதானே சித்த முன்னாடி சொன்னேள்?” என்றார் பிரான்ஸ் மாமா. வெகுளியாகச் சொல்லித் தொலைத்திருக்கிறார் அப்பா. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? “அதெல்லாம் வேண்டாம் சார். தேவி இருக்கு. அதுல வருவான்.”

கூரை மூடிய வண்டியில் ஜானவாசம் வந்தால் மாப்பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் அப்பா. அவர் பெண்ணைப் பெற்றவர். “போகட்டும், அவா இஷ்டம்” என்று சொல்லி டிக்கியை மூடினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. வண்டியைக் கல்யாணத்தில் பூவும் பழமும் ஏற்றிவர வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். கல்யாணமே வேண்டாம் என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம், கல்யாணம் வேண்டும், ஆனால் இவர்கள் நினைக்கிற மாதிரி வேண்டாம் என்று தோன்றியது.

நான் செய்தது பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை. அம்மாவிடம் போய் அடக்க ஒடுக்கமாகச் சொன்னேன். “பிரான்ஸ் மாமா பெரியவர். ஜானவாசத்தன்னிக்குக் கோயில்ல அவருக்கும் ஒரு மாலை போட்டு மரியாதை பண்ணிடு. ரோஜா மாலையாவே போட்டுடு.” அப்பாவிடம் போய்ச் சொன்னேன். “பழத்தட்டையும் சீர்த்தட்டையும் முன்சீட்டுல வெச்சுக்கோங்கோப்பா. காத்துல பறக்காது. அவா வண்டியில இடமில்லேன்னா மாமாவை நம்ம வண்டியில மரியாதையா அழைச்சுண்டு வாங்கோ.” இரண்டு பேரும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பெண்ணுக்கு இத்தனை பொறுப்பு வந்துவிட்டதே என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம்.

அவர்கள் வண்டியில் இடம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். பசு மாதிரி எழுந்திருக்கிற காரில் ஏறாமல் எந்தக் குழந்தை விடும்? ஜானவாசத்தன்று பிள்ளையார் கோயில் வாசலில் டி.எஸ்.ஸுக்குள் மாப்பிள்ளை, மாமியார், அவள் ஓரகத்திகள், அத்தனை பேர் மடியிலும் குழந்தைகள் என்று அடைத்துக்கொண்டார்கள். பிரான்ஸ் மாமா மட்டும் வெளியே நின்றார். பாரிஸில் தைத்த சாம்பல்நிற சூட். கழுத்தில் முழங்கால் வரை தொங்கும் ரோஜா மாலை. அப்பா ஓடிவந்து, “நீங்க நம்ம வண்டியில வாங்கோ சார்” என்றார். முன்சீட்டில் தட்டுகள். வேறு வழியில்லை, மாமா டிக்கி சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மிச்சத்தை மாட்டுங்கா பார்த்துக்கொண்டது.

தாராவியிலிருந்து வந்த மேளக்காரர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போலக் கறுப்பு வண்டியின் முன்னால் போய் நின்றார்கள். காஸ்லைட் தூக்குகிறவர்கள் வழக்கம்போல அதன் இரண்டு பக்கமும் நின்றார்கள். அப்பா வண்டியைக் கிளப்பினதும் நாதஸ்வரம் எடுத்தது, கூட்டம் பின்னால் நகர்ந்தது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பஸ் குறுக்கே வந்து டி.எஸ்.ஸை ஊர்வலத்திலிருந்து பிரித்துவிட்டது. அது இருட்டில் யாரோ ஆபீஸிலிருந்து திரும்புகிற வண்டி மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, “அரே, துல்ஹா தோ புட்டா ஹை!” என்று கத்தினானாம். மாப்பிள்ளை கிழவன் என்று பம்பாய்க்கே அறிவிப்பு ஆகிவிட்டது.

நான் கல்யாணச் சத்திரத்து மாடியில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் மூச்சிரைக்க ஓடிவந்தவள் எங்கள் எதிர்வீட்டு மாமி. என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“என்னடி கண்ணம்மா இது, உனக்கென்ன கொறைச்சல்? ரெண்டாந்தாரமா? ஆரத்தி எடுத்தேன்டி, தலையில ஒரு கருப்பு முடி இல்லே!”

“எல்லாம் அவரவர் தலையெழுத்து மாமி” என்று நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். சிரிப்பு தாங்கவில்லை. தோள் குலுங்குவதைப் பார்த்து அவள் இன்னும் பெரிதாக அழுதாள்.

ஜன்னலுக்கு ஓடினேன். தெருமுனையில் ஊர்வலம் நின்றுவிட்டிருந்தது. நாலைந்து மாமிகள் அப்பாவை வளைத்துக்கொண்டு நியாயம் கேட்டார்கள். கிளி மாதிரி பெண்ணை வளர்த்து இப்படிக் கொடுக்க எப்படி மனசு வந்தது என்று ஒருத்தி கேட்டது மாடி வரைக்கும் கேட்டது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிரான்ஸ் மாமா நெற்றியில் குங்குமமும் ஆரத்திச் சுண்ணாம்புமாக எழுந்து நின்று, “நான் மாப்பிள்ளை இல்லே! மாப்பிள்ளையோட மாமா!” என்று நாலு பக்கமும் திரும்பிச் சொன்னார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கினார்.

“கறுப்பு வண்டி முன்னாலதானய்யா எப்பவும் வாசிப்போம்?” என்றார் அவர். “மாப்ள அதுலதான இருப்பாவ?”

டி.எஸ். வந்து சேர்ந்தது. மாமியார் கதவைத் திறந்துகொண்டு இறங்கின வேகத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. “இதென்ன கூத்து? எங்களை அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டேளா? டேய், வண்டியைத் திருப்பச் சொல்லு” என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். அப்பா கைகூப்பினார். எதற்கென்றே தெரியாமல், தெருவில், வண்டி மை படிந்த கையைக் கூப்பினார். விளையாட்டு வினையாயிற்றே, இந்த மனிதர் ஆசையைக் காப்பாற்றப்போய் அவர் மானத்தையே தெருவில் கொட்டிவிட்டேனே என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே போகலாம் என்றால் கல்யாணப் பெண்.

அப்போது டி.எஸ்.ஸின் மறுபக்கக் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினான். முகம் வெளிறிக் கிடந்தது, டையைத் தளர்த்தியிருந்தான்.

“அம்மா, உள்ள ஊஞ்சல் மாதிரி ஆடறதும்மா. ஊதுவத்தி வேற. இன்னும் சித்த போனா வாந்தி எடுத்துடுவேன்” என்றான். “மாமா, நீங்க இறங்குங்கோ.”

பிரான்ஸ் மாமா இறங்கின வேகத்தைப் பார்க்க வேண்டுமே! “ஏறுடா, ஏறு, மொதல்ல ஏறு, எல்லாரும் பாக்கட்டும்” என்று தன் கழுத்து மாலையைக் கழற்றுவதற்குள் பதறிப்போனார். மாமியார், “டிக்கியிலயா…” என்று ஆரம்பித்தாள். “டிக்கியாவது ஒண்ணாவது! பாரிஸ்ல பெரிய பெரிய மனுஷாள்ளாம் இதுலதான் போவா!” என்று அவரே தன் தங்கையை அடக்கினார். மாப்பிள்ளை சிவப்புத் தோல் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். காஸ்லைட் வெளிச்சம் அவன்மேல் விழுந்தது. “ஆ, இதான் மாப்பிள்ளை!” என்று தெருவே ஒரு பெருமூச்சு விட்டது. எதிர்வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரத்தி கரைக்க ஓடினாள். மேளம் எடுத்தது.

தெருமுனையிலிருந்து சத்திர வாசல் கூப்பிடு தூரம்தான். அப்பா அதை எத்தனை நேரம் ஓட்டினார் தெரியுமா? நாதஸ்வரக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். முதல் கியரில், நடக்கிறவனைவிட மெதுவாக, முதுகை நேராக வைத்துக்கொண்டு, ஒருமுறைகூடப் பின்னால் திரும்பாமல் ஓட்டிவந்தார்.

வாசலில்தான் சிக்கல். மாப்பிள்ளை வந்து இறங்கினால் பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று வரவேற்க வேண்டும். அந்தத் தகப்பனாரோ ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தினார். பின்பக்கமாகத் திறக்கிற கதவில் இடித்துக்கொண்டு இறங்கினார், கையை வேஷ்டியில் துடைத்தார், வண்டியைச் சுற்றி ஓடி வாசல் கோலத்தில் ஏறி நின்றுகொண்டார். அம்மா அவர் கையில் சந்தனப்பேலாவைத் திணித்தாள். தான் இத்தனை நேரம் முதுகுக்குப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு வந்த மனிதனை, அந்த நிமிஷம்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

“வாங்கோ மாப்பிள்ளை, வாங்கோ” என்றார். “எத்தனை வருஷமாக் காத்துண்டிருக்கேன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கூடவே வந்தவர் காத்திருந்தாராம்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. டிக்கியிலிருந்து இறங்கி வந்து, சந்தனத்துக்குக் கையை நீட்டுவதற்கு முன்னால் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினான்.

“மன்னிச்சுக்கோங்கோ மாமா” என்றான். “வண்டி மாறி ஏறிட்டேன்.”

பெண் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இருந்தது. அப்போது தெரிந்துவிட்டது.